மிதக்கும் தரையில் ஒரு மான்

மணிப்பூரின் சங்காய் மானை அழிவின் விளிம்பிலிருந்து காப்பாற்றியாகிவிட்டது. அது நிற்கும் தரையைக் காப்பாற்றுவதுதான் இன்னும் பாக்கி.

மார்ச் மாத விடியற்காலையில் கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்காவின் குன்றுகளில் ஒன்றிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது மூடுபனி மட்டும்தான். வெயில் ஏற ஏற, பனிக்கு அடியிலிருந்து ஒரு நாணற்காடு மெல்ல வெளிப்படும். ஆள் உயரத்தைத் தாண்டிய கோரை, நடுநடுவே தீயில் கருகிய திட்டுகள், கருகிய இடத்தில் துளிர்த்திருக்கும் இளம்புல். அந்தப் பச்சைத் திட்டுகளின் ஓரத்தில்தான் கண்ணை வைத்திருக்க வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கிளைக்கொம்பு அசையும். பிறகு தலை, கழுத்து, பழுப்பு நிற முதுகு. மான் காலை எடுத்துவைக்கும்போது அதன் கீழே தரை சற்று அமுங்கி மீண்டும் எழும். காரணம், அது தரையே இல்லை. தண்ணீரின் மேல் மிதக்கும் புல் மெத்தை.

மணிப்பூரிகள் இதை ஃபும்டி என்கிறார்கள். அழுகியும் அழுகாமலும் கிடக்கும் தாவரங்கள், வேர்கள், மண் எல்லாம் ஆண்டுக்கணக்கில் பின்னிப் பிணைந்து உருவான மெத்தை. சில இடங்களில் ஒரு சாண் கனம். சில இடங்களில் இரண்டு மீட்டர் வரைகூட இருக்கும். பனிக்கட்டியைப் போலவே இதிலும் பெரும் பகுதி தண்ணீருக்குள் மறைந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே தெரிகிறது. லோக்டாக் ஏரியின் தென்கிழக்கு மூலையில், இப்படி மிதக்கும் புல்வெளியும் கொஞ்சம் சதுப்பும் சில குன்றுகளும் சேர்ந்த 40 சதுர கிலோமீட்டர்தான் கெய்புல் லம்ஜாவ். உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று பெயர் வாங்கிய இடம். சங்காய் மான் இயற்கையாக வாழும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இம்பாலிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் நெல் வயல், குளம், மூங்கில் வேலி போட்ட வீடுகள். பூங்காவுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் மொய்ராங். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் கொடி ஏற்றப்பட்ட ஊர் இதுதான். நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர்கள் பெருமளவில் இருந்ததால் தமிழ் வாசகர்களுக்கும் இந்தப் பெயர் முற்றிலும் அன்னியமல்ல. ஆனால் மணிப்பூரிகளுக்கு மொய்ராங் அதைவிடப் பழைய நினைவு. மேற்கே உள்ள மலையில் தாங்ஜிங் தெய்வம், காம்பா - தோய்பி காதல் காவியம், அதையொட்டிய கதைகள் எல்லாம் இந்த ஊரைச் சுற்றியே பிறந்தவை.

அக்கதைகளில் ஒன்றில் சங்காயும் வருகிறது. காடெங் தாங்ஜஹான்பா என்ற வீரன் காதலி பிடோனுவுக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக மான் பிடிக்கப் போகிறான். சினையான ஒரு சங்காயை உயிரோடு பிடித்துக்கொண்டு திரும்பும்போது, காதலி அரண்மனைக்குப் போய்விட்டாள், அரசன் அவளை மணந்துவிட்டான் என்று தெரிகிறது. இனி யாருக்காக இந்தப் பரிசு? மானை அவிழ்த்துவிடுகிறான். பெயருக்கும் மக்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். 'சா' என்றால் விலங்கு, 'ஙாய்' என்றால் காத்திருப்பது. ஓடும்போது நடுவில் நின்று, யாருக்கோ காத்திருப்பதுபோலத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு.

கிண்டியிலும் முதுமலையிலும் புள்ளிமான் பார்த்துப் பழகிய கண்களுக்கு சங்காயின் கொம்பு புதிதாக இருக்கும். மற்ற மான்களுக்கு நெற்றிக்கு முன்னால் நீட்டும் கிளை தனியாகவும், பின்னால் வளையும் தண்டு தனியாகவும் தெரியும். சங்காய்க்கு இரண்டும் சேர்ந்து ஒரே வில்லாக வளைந்திருக்கும். வில்லின் ஒரு முனை புருவத்துக்கு மேலே முன்னோக்கி நீண்டிருப்பதால் ஆங்கிலத்தில் புருவக் கொம்பு மான் என்று பெயர் வைத்தார்கள். நடையும் தனி. சேற்றில் நடக்கும்போது குளம்புக்கு மேலுள்ள கணுப்பகுதியையும் பதித்து, எடையைப் பரப்பி நடக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைப்பது ஆட்டம்போலத் தெரிவதால், ஆடும் மான் என்ற செல்லப்பெயர் வந்தது.

ஆனால் சதுப்பு நிலத்துக்கென்றே பிறந்த மான் என்று இதை நினைத்துவிடக் கூடாது. இதே இனத்தின் மற்றொரு பிரிவான தமின் மான் மியான்மரில் வறண்ட இலையுதிர் காடுகளில் வாழ்கிறது. சங்காயும் ஒரு காலத்தில் மணிப்பூர் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் பரவலாகவே இருந்தது. அந்தப் புல்வெளிகள் நெல் வயல்களாயின. ஊர்கள் வளர்ந்தன. வேட்டை நிற்கவில்லை. உழவும் துப்பாக்கியும் எளிதில் நுழைய முடியாத ஓர் இடம்தான் மிஞ்சியது, அது ஏரியின் மிதக்கும் மூலை. ஒரு விலங்கு இருக்கும் இடமெல்லாம் அது விரும்பித் தேர்ந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. சில சமயம் மனிதன் விட்டுவைத்த இடமாகவும் இருக்கும்.

இந்த மானை வெளியுலகம் அறிந்தது 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில். மணிப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி எல்டின் பெயரால் அது அறிவியல் ஏடுகளில் ஏறியது. அடுத்த நூறு ஆண்டுகளில் மான் காணாமலே போனது. 1951-ல் சங்காய் இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1953-ல், அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இயற்கை ஆர்வலர் ஈ.பி. கீ கெய்புல் லம்ஜாவில் சில மான்கள் மிஞ்சியிருப்பதை உறுதிப்படுத்தினார். இருந்தாலும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1975-ல் ஆகாயத்திலிருந்து கணக்கெடுத்தபோது தென்பட்டவை 14 மான்கள். ஓர் இனம் முழுவதையும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை.

அதற்குப் பிறகு நடந்தது இந்திய வனவிலங்குப் பாதுகாப்பின் நல்ல அத்தியாயங்களில் ஒன்று. 1977-ல் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. வேட்டை ஒடுக்கப்பட்டது. சுற்றியுள்ள கிராமங்களின் இளைஞர்கள் மானைக் காப்பதைத் தங்கள் ஊர்க் கௌரவமாக எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது. 1995 கணக்கெடுப்பில் 155, 2003-ல் 180, 2013-ல் 204, 2016-ல் 260. ஆள் உயரக் கோரைக்குள் மறைந்து திரியும் விலங்கை எண்ணுவது லேசான வேலை அல்ல. ஒவ்வோர் எண்ணிலும் முன்பின் இருக்கலாம். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

காவல் போட்டால் மான் பெருகும் என்ற பாடத்தோடு கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் மான் ஓர் இடத்தில் தங்குவதா, வேறு இடம் தேடுவதா என்பதைத் தீர்மானிப்பவை மேய்ச்சல், மறைவு, தண்ணீர், தொந்தரவில்லாத இடம் ஆகிய நான்கும் சேர்ந்துதான். துப்பாக்கி இல்லாமல் இருப்பது இவற்றில் நான்காவதன் ஒரு பகுதி மட்டுமே. மேய்ச்சல் எங்கோ, மறைவு எங்கோ என்று இருந்தாலும் பயனில்லை. இரண்டும் ஒரு நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும். புள்ளிமானுக்குக் காட்டு ஓரத்துப் புல்வெளி பிடிக்கும். கடமான் அடர்ந்த மலைச்சரிவில் நிம்மதியாக இருக்கும். அவரவர் தேவை அறிந்து இடத்தைப் பேணுவதுதான் மான் பராமரிப்பு.

இதற்கு நாட்டில் நல்ல உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா. அங்குள்ள பாரசிங்கா மான் பெரும்பாலும் புல்லை மட்டுமே தின்று வாழும் பிராணி. 1970-ல் 66 மான்கள்தான் மிஞ்சியிருந்தன. வேலி போட்ட அடைப்புக்குள் சிலவற்றை வளர்த்தது ஒரு பக்கம் என்றால், புல்வெளியையே திருத்தியது இன்னொரு பக்கம். தீ வைப்பது கட்டுப்படுத்தப்பட்டது. உயரமான புல் இருந்தால்தான் குட்டியை ஒளித்துவைக்க முடியும். காட்டுக்குள்ளிருந்து இடம்பெயர்ந்த கிராமங்களின் பழைய வயல்கள் புல்வெளிகளாக மாறின, மான்கள் அங்கே பரவின. இன்று பல நூறு பாரசிங்காக்கள் இருக்கின்றன. இடம்பெயர்ந்த பைகா, கோண்டு மக்கள் கொடுத்த விலை அந்தக் கணக்கில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தமானில் நடந்தது இதற்கு நேர்மாறு. பிரிட்டிஷார் கொண்டுபோய் விட்ட புள்ளிமானுக்கு அந்தத் தீவுகளில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அவை பெருகிக் காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிட, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் திணறுகிறது. ஓரிடத்தில் மான் குறைகிறது என்ற கவலை, இன்னோரிடத்தில் கூடுகிறது என்ற கவலை. இரண்டுக்கும் விடை மானிடம் இல்லை, அது வாழும் இடத்தில்தான் இருக்கிறது.

கான்ஹாவில் இடம் என்றால் மண். வனத்துறை நினைத்தால் புல்லைக் காக்கலாம், களையை வெட்டலாம், தீயைத் தடுக்கலாம். கெய்புல் லம்ஜாவில் இடம் என்றால் தண்ணீர். அந்தத் தண்ணீரின் சாவி வனத்துறையிடம் இல்லை.

சங்காயின் ஆண்டுச் சுற்று நீரோடு பிணைந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். ஃபும்டி நீரோடு சேர்ந்து உயரும். பல இடங்களில் ஈரம் தாளாமல் மான்கள் பபோட், தோயா, சிங்ஜாவ் என்ற மூன்று குன்றுகளை ஒட்டிய மேட்டு நிலத்தை நாடும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கினால் மீண்டும் புல் மெத்தைக்குத் திரும்பும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் பெண் மான் ஒரே ஒரு குட்டி ஈனும். அதை உயர்ந்த நாணலுக்குள் ஒளித்துவைக்கும். பிப்ரவரிக்கு மேல் இனப்பெருக்கக் காலம். அப்போதுதான் ஆண்களின் கொம்பு முழு அழகோடு இருக்கும். அதிகாலையிலும் மாலையிலும் மேய்ச்சல், நடுப்பகலில் நாணல் நிழலில் ஓய்வு. மேய்ச்சலில் முதலிடம் இஷிங் கம்போங் என்ற நீர்ப்புல்லுக்கு. அது மனிதர்களுக்கும் பிடித்தமான காய்கறி என்பதால் இதைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

பழைய காலத்தில் ஃபும்டிக்கும் இதேபோல ஓர் ஆண்டுச் சுற்று இருந்தது. லோக்டாக் ஆழமான ஏரி அல்ல. சராசரி ஆழம் மூன்று மீட்டருக்கும் குறைவு. மழைக்காலத்தில் நிரம்பும் ஏரி, கோடையில் வற்றிச் சுருங்கும். நீர் இறங்கும்போது மிதந்துகொண்டிருந்த மெத்தையும் இறங்கி ஏரியின் படுகையில் உட்காரும். அந்தச் சில வாரங்களில் புல்லின் வேர்கள் சேற்றைத் தொட்டு உரம் உறிஞ்சிக்கொள்ளும், மண்ணையும் பற்றிக்கொள்ளும். மழை வந்ததும் கனம் கூடிய மெத்தை மீண்டும் மேலே எழும். ஆண்டுக்கு ஒரு முறை வயிறாரச் சாப்பிட்டு வருகிற மாதிரி. மிதக்கும் தரை தேயாமல் இருந்த ரகசியம் இவ்வளவுதான்.

1983-ல் இந்தச் சாப்பாடு நின்றது. ஏரியின் நீர் வடிந்து சேரும் மணிப்பூர் ஆற்றின் குறுக்கே, இதாய் என்ற இடத்தில் கதவணை கட்டி முடிக்கப்பட்டது. நோக்கம் மின்சாரம். இயற்கையாகத் தெற்கே ஓடி மியான்மரின் சிந்த்வின் ஆற்றில் கலக்க வேண்டிய தண்ணீரை ஏரியில் தேக்கி, மேற்கு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 300 மீட்டருக்கும் மேலான சரிவில் இறக்கி, லைமாடாக் பள்ளத்தாக்கில் மின்சாரம் எடுத்தார்கள். தேசிய நீர்மின் கழகத்தின் இந்தத் திட்டத்தின் திறன் 105 மெகாவாட். மின்சாரத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த வடகிழக்கில் அது சிறிய விஷயமல்ல. இம்பாலின் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் விளக்கெரிய அது உதவியது. பாசனத்துக்கும் தண்ணீர் கிடைத்தது.

ஆனால் சுரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும். மழை இல்லாத மாதங்களில்தான் சேமித்த நீருக்கு மதிப்பு அதிகம். ஆகவே ஏரியின் நீர்மட்டம் பழையபடி இறங்காமல் கதவுகள் பார்த்துக்கொண்டன. ஏற்ற இறக்கமுள்ள ஏரி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் நீர்த்தேக்கமாக மாறியது. கோடையிலும் ஃபும்டி படுகையைத் தொடவில்லை. வேருக்குச் சேறு எட்டவில்லை. அடிப்பக்கம் அழுகி உதிர்ந்தது, புதிதாகச் சேர்வது குறைந்தது. மெத்தை ஆண்டுக்காண்டு மெலிந்தது.

மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வளர்ந்த ஆண் சங்காய் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடை வரும். அதைத் தாங்க ஏறக்குறைய ஒரு மீட்டர் கனமுள்ள மெத்தை வேண்டும். கனம் குறைந்த இடத்தில் கால் உள்ளே போய்விடும். அங்கே மான் போகாது. வரைபடத்தில் பூங்கா 40 சதுர கிலோமீட்டர்தான். மானின் காலுக்குள்ள பூங்கா அதைவிடச் சின்னது, அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. மானின் எண்ணிக்கை ஏறிய அதே ஆண்டுகளில் அதன் தரை இளைத்தது என்பதுதான் கெய்புல் லம்ஜாவின் வினோதம். கணக்கெடுப்பு மானை மட்டும் எண்ணுகிறது. தரையின் கனம் செய்தியாவதில்லை.

இன்னொரு வினோதமும் உண்டு. பூங்காவுக்குள் ஃபும்டி மெலிகிறது, பூங்காவுக்கு வெளியே ஏரியில் மண்டிக்கிடக்கிறது. முன்பெல்லாம் மழை வெள்ளத்தில் ஃபும்டித் துண்டுகள் பிய்ந்து, கோர்டாக் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கி, தெற்கே போய்விடும். கதவணை அந்த வாசலை மூடியது. போதாக்குறைக்கு இம்பால் நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் நம்புல் ஆறு ஏரிக்கு உரம் போடுகிறது. மீனவர்கள் ஃபும்டியை வட்டமாக வெட்டி இணைத்து, அதாபும் என்ற மீன் வளைப்புகளை ஏரியெங்கும் அமைத்தார்கள். லோக்டாக்கைப் பராமரிக்க 1980-களில் அமைக்கப்பட்ட ஆணையம் இயந்திரங்களை வைத்து ஃபும்டியை அள்ளியது. ஒரே ஏரியில் ஒரு பக்கம் அதை அகற்றப் பணம், மறுபக்கம் அதைக் காக்கப் பணம். 1990-ல் லோக்டாக் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் சதுப்பு நிலமானது. 1993-லேயே சீர்கெட்டு வரும் சதுப்பு நிலங்களின் மாந்த்ரே பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இந்த வினோதங்களுக்கு நடுவே மனிதர்களும் இருக்கிறார்கள். நீர்மட்டம் நிரந்தரமாக உயர்ந்ததில் கரையோரத்தின் பல ஆயிரம் ஹெக்டேர் வயலும் மேய்ச்சல் நிலமும் மூழ்கின. கோடையில் நீர் வடிந்ததும் விதைத்து, மழைக்கு முன் அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உழவு போனது. பலர் முழுநேர மீனவர்களானார்கள். நிலமில்லாதவர்கள் ஏரிக்குள்ளேயே ஃபும்டியின் மேல் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 2006-ல் வந்த லோக்டாக் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குடிசைகளுக்கும் மீன் வளைப்புகளுக்கும் தடை போட்டது. 2011 நவம்பரில் அதிகாரிகள் நூற்றுக்கணக்கான குடிசைகளுக்குத் தீ வைத்தபோது, ஏரியைக் கெடுத்தது யார் என்ற கேள்வி மணிப்பூரெங்கும் எழுந்தது. குடிசைக்காரர்கள்தான் என்றது அரசு. கதவணைதான் என்றார்கள் மீனவர்கள்.

மீனில் விழுந்த அடியும் அதே கதவால்தான். மணிப்பூரின் மாநில மீன் பெங்பா. திருமண விருந்துகளில் தனி மரியாதை உள்ள மீன். சிந்த்வினிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு லோக்டாக்குக்கு வந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கதவணை வந்த பிறகு அந்த வரத்து நின்றது. இன்று குளங்களில் வளர்க்கிறார்கள். தட்டில் பெங்பா இருக்கிறது, ஏரிக்கு வந்துபோன பெங்பா இல்லை. மாநில விலங்கான சங்காய்க்கும் அதே கதி வரலாம் என்ற பயம் மணிப்பூரிகளுக்கு இருந்தால் அது மிகையல்ல.

இம்பாலில் பெண்கள் மட்டுமே வியாபாரம் செய்யும் இமா கைதெல் சந்தைக்குப் போனால் ஏரியின் செல்வம் கூடைகளில் குவிந்திருக்கும். தாமரைத் தண்டு, சிறு மீன், ஙாரி கருவாடு, இஷிங் கம்போங்கின் வெள்ளைத் தண்டு. இந்தத் தண்டு எல்லா இடத்திலும் கிடைத்த காலம் உண்டு. ஏரியில் அது குறையக் குறைய, பூங்காவுக்குள் போய்ப் பறிக்கும் ஆசை கூடுகிறது. விடியும் முன்னே தோணியில் போகும் கிராமத்துப் பெண்ணும், விடியும் முன்னே மேயவரும் மானும் தேடுவது ஒரே தண்டு. ஆள் நடமாட்டம் கண்டால் சங்காய் மேய்ச்சலை விட்டு நாணலுக்குள் ஓடிவிடும். வனக்காவலர் அந்தப் பெண்ணைத் தடுக்கிறார். தடுப்பது அவர் கடமை. ஆனால் அவளுடைய குடும்பம் வயலை இழந்திருந்தால், காவலரின் விசில் அவளுக்கு வேறு மாதிரிதான் கேட்கும்.

தீயும் இப்படித்தான் இருபுறமும் வெட்டும் கத்தி. குளிர்காலம் முடியும்போது காய்ந்த நாணலுக்குத் தீ வைப்பது பழைய வழக்கம். எரிந்த இடத்தில் பத்துப் பதினைந்து நாளில் துளிர் கிளம்பும். மான் கூட்டமாக அங்கே வரும். அளவோடும் இடம்விட்டும் எரித்தால் இது நல்ல மேய்ச்சல் முறை. கட்டுமீறிப் போனால் மறைவிடமே எரிந்துபோகும், மெத்தையும் இளைக்கும். எப்போது, எங்கே, எவ்வளவு என்பதை வனத்துறையும் கிராமங்களும் சேர்ந்து முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மாடுகள் பூங்கா ஓரத்தில் மேய்வதும் கவனிக்க வேண்டிய விஷயம். கால்நடை நோய் ஒன்று மான்களுக்குத் தொற்றினால், முழு இனமும் ஒரே இடத்தில் இருப்பதால், தப்பியோட வேறு மந்தை இல்லை.

ஒரே இடம் என்பதுதான் சங்காயின் பெரிய பலவீனம். இன்றிருப்பவை எல்லாம் அந்த ஒரு சில மான்களின் வழித்தோன்றல்கள். உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும்போது வம்சத்தின் வலு குறையும். கொல்கத்தா, டெல்லி உள்ளிட்ட உயிரியல் பூங்காக்களில் சங்காய்கள் வளர்கின்றன. அவை காப்பீடு மாதிரி. ஆனால் கூண்டில் இருக்கும் காப்பீட்டைக் காட்டில் பணமாக்க இரண்டாவது வீடு வேண்டும். பும்லென் ஏரியை அதற்காகத் தயார் செய்யலாம் என்ற யோசனை பேசப்பட்டது. அதுவும் இதே பள்ளத்தாக்கின் நீர்நிலைதான், அதன் கரையிலும் மீன்பிடித்துப் பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். முதல் வீட்டின் கூரை ஒழுகும் காரணத்தைச் சரிசெய்யாமல் இரண்டாவது வீடு கட்டினால், அங்கேயும் அதே மழைதான்.

ஆக, பேச்சு மீண்டும் கதவணைக்கே வருகிறது. அணையை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை மணிப்பூரில் பழையது. அரசியல்வாதிகளும் அதை எழுப்பியிருக்கிறார்கள். அகற்றுவது நடக்கிற காரியமா என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். ஏரியை ஆராய்ந்தவர்கள் சொல்லிவரும் நடுவழி ஒன்று இருக்கிறது. அணை இருக்கட்டும், ஆனால் ஏரியின் பழைய ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்பதே அது. கோடையில் சில வாரங்கள் நீரை இறக்கி, பூங்காவின் ஃபும்டி படுகையில் உட்கார விட வேண்டும். அந்த வாரங்களில் மின் உற்பத்தி குறையும். குறையும் மின்சாரத்துக்கு ஒரு விலை போட்டு, அதை யார் ஏற்பது என்று மத்திய, மாநில அரசுகள் பேசி முடிக்க வேண்டும்.

105 மெகாவாட் என்பது 1983-ல் ஒரு மாநிலத்தின் உயிர்மூச்சு. இன்று தேசிய மின்தொகுப்பில் அது சிறு துளி. சில வார இழப்பை ஈடுகட்டுவது அன்று போல் இன்று கடினமல்ல. சங்காயின் தரைக்கு மாற்று எந்தத் தொகுப்பிலும் கிடையாது. தவிரவும் கோடையில் நீர் இறங்கினால் லாபம் மானுக்கு மட்டும் அல்ல. மூழ்கிய வயலில் கொஞ்சமாவது வெளியே வரும். ஏரியில் இஷிங் கம்போங் மீண்டும் செழித்தால் பூங்காவுக்குள் தோணி போக வேண்டிய அவசியமும் குறையும். காவலரும் காய்கறிப் பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்கள். நீர்மட்ட விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம்தான். இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் இம்பாலிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள்.

சங்காயின் பெயருக்கு மணிப்பூரில் பஞ்சமில்லை. நாளேட்டின் பெயரில் சங்காய். 2010 முதல் நவம்பர் மாதச் சுற்றுலா விழாவின் பெயர் சங்காய் விழா. 2016-ல் கெய்புல் லம்ஜாவ் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. 2023 மே மாதம் வெடித்த இன வன்முறை இதே லோக்டாக் வட்டாரத்தையும் பதம் பார்த்தது. பயணிகள் வரவு நின்றது. தோணிக்காரர்களும் சிறு ஓட்டல்காரர்களும் முடங்கினார்கள். மனித உயிருக்கே உத்தரவாதம் கேட்கும் மாநிலத்தில் மானைப் பற்றி யார் பேசுவார்கள் என்று கேட்கலாம். ஆனால் மலையும் பள்ளத்தாக்கும் பிரிந்து நிற்கும் மணிப்பூரில், எல்லோருக்கும் சொந்தமான அடையாளங்கள் அதிகம் இல்லை. இந்த மான் அவற்றில் ஒன்றாக இருக்க முடியும்.

14 மான்களை 260 ஆக்கிக் காட்டியவர்கள் மணிப்பூரிகள். வேட்டையை நிறுத்துவது கஷ்டமான பாதி, அதைச் செய்து முடித்துவிட்டார்கள். மீதிப் பாதிக்குத் துப்பாக்கி ஏந்திய காவலர் தேவையில்லை. கதவணையின் கதவுகளை எந்த மாதம் எவ்வளவு திறப்பது என்ற ஒரு கால அட்டவணையும், அதில் கையெழுத்துப் போட ஒரு பேனாவும் போதும். ஒவ்வொரு கோடையும் அந்தக் கையெழுத்துக்கான வாய்ப்புதான். கையெழுத்து விழாத ஒவ்வொரு கோடையிலும், மிதக்கும் தரை இன்னும் கொஞ்சம் இளைக்கிறது.